வீட்டுக் கூடத்தில் பிறக்கும் அரசியல்

அரசியல் என்றதும் நம் நினைவுக்கு வருவன பாராளுமன்றம், தேர்தல், கட்சி, மேடைப் பேச்சு, சுவரொட்டி என்பனவே. இவற்றுக்கும் நமது வீட்டுக் கூடத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். "அதெல்லாம் ஆம்பிளைகளின் வேலை" என்று சொல்லி ஒதுங்கிக் கொள்ளும் தாய்மாரும் நம்மிடையே உள்ளனர். ஆனால் ஒரு சமூகத்தின் அரசியல் தேர்தல் நாளன்று தொடங்குவதில்லை. யார் பேசலாம், யார் வாய்மூடிக் கேட்டுக் கொண்டிருக்க வேண்டும், மாற்றுக் கருத்தை எப்படிச் சொல்வது, இறுதி முடிவை எடுப்பவர் யார் என்பவற்றை ஒரு பிள்ளை முதன்முதலில் கற்றுக் கொள்வது வீட்டில்தான். அந்தப் பிள்ளை வளர்ந்து சபையில் அமரும்போது அதே பாடத்தையே அங்கும் கொண்டு செல்கிறது.

இது புதிய கருத்தல்ல. 1377ஆம் ஆண்டில் தமது 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் மன்னர்களின் வீரத்தை மட்டும் வைத்து விளக்கவில்லை. மக்களின் வாழ்க்கை முறை, அவர்களைப் பிணைக்கும் உறவுணர்வு, உழைப்பு, உணவு, ஆடம்பரம் என்பவற்றிலேயே அரசின் வேர் இருக்கிறது என்று அவர் காட்டினார். பண்பாடு மாறினால் ஆட்சியும் மாறும் என்பதே அவரது நூலின் சாரம் எனலாம்.

இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டும் ஒரு முஸ்லிம் சமூகம் நமக்கு அதிகம் தொலைவில் இல்லை. வங்காள விரிகுடாவின் மறுகரைக்கு அப்பால், இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவின் மேற்குப் பகுதியில் வாழும் மினாங்கபாவ் மக்களே அவர்கள்.

தாய்வழி வந்த முஸ்லிம்கள்

2010ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்தோனேசியாவில் மினாங்கபாவ் மக்களின் தொகை ஏறத்தாழ 65 இலட்சம். நாட்டின் மொத்தச் சனத்தொகையில் இது 3 வீதத்துக்கும் குறைவாகும். ஆயினும் அந்நாட்டின் சுதந்திர வரலாற்றைப் புரட்டினால் இவர்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. 1945 ஓகஸ்ட் 17ஆம் திகதி சுகார்ணோவுடன் இணைந்து சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட முஹம்மத் ஹத்தா, முதலாவது பிரதமரான சுத்தான் ஷஹ்ரிர், வெளிநாட்டமைச்சராகப் பணியாற்றிய ஹாஜி அகுஸ் ஸாலிம், 1950இல் பிரதமரான முஹம்மத் நாஸிர், அறிஞரும் நாவலாசிரியருமான ஹம்கா ஆகிய அனைவரும் மினாங்கபாவ் மண்ணில் பிறந்தவர்களே.

இவ்வளவு சிறிய சமூகம் இத்தனை தலைவர்களை எவ்வாறு தந்தது? விடையைத் தேடி நாம் அவர்களது வீட்டுக்குள்தான் நுழைய வேண்டும்.

உலகிலேயே மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் இவர்களுடையது. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். எருமைக் கொம்பு போல வளைந்த கூரையுடைய 'ரூமா கடாங்' என்னும் பெரிய வீடும், பரம்பரை வயலும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கின்றன. மரபுப்படி, மணமானதும் கணவன்தான் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். அங்கு அவன் மதிப்புக்குரிய விருந்தாளி. அவனுடைய குடும்பப் பொறுப்பு தன் சகோதரிகளின் பிள்ளைகள் மீதே அதிகம். குடும்ப விவகாரங்களைச் சபையில் எடுத்துப் பேசுபவர் தாய்மாமன். எனினும் அவர் பேசுவது தன் சகோதரிகளின் சொத்தைப் பற்றியும் அவர்களின் பிள்ளைகளைப் பற்றியுமே. அவர்களின் சம்மதமின்றிப் பரம்பரைக் காணியை அவர் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது.

இதன் விளைவு என்ன? எவரும் தனித்து முடிவெடுக்க இயலாத ஒரு வீடு உருவாகியது. சொத்து பெண்ணிடம், பேச்சு மாமனிடம், உழைப்பு கணவனிடம் என்று பிரிந்து கிடக்கும்போது, கலந்து பேசாமல் ஒரு காரியமும் நடக்காது. கலந்தாலோசனை அங்கு உபதேசமாக வரவில்லை. வாழ்க்கையின் தேவையாகவே வந்தது.

அடுப்பின் மூன்று கற்கள்

இவர்களது ஊர் 'நகரி' எனப்படும். நமது 'நகரம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் மூலம் ஒன்றே. நகரியின் தலைமையை விளக்க அவர்கள் கையாளும் உவமை நம் தாய்மாருக்கு உடனே விளங்கும். ஒரே பானையைத் தாங்கும் அடுப்பின் மூன்று கற்களே ஊர்த் தலைமை என்பர். ஒரு கல், குலத் தலைவர்கள். மற்றொரு கல், உலமாக்கள். மூன்றாவது கல், கற்றறிந்தோர். ஒரு கல்லை உருவிவிட்டால் பானை கவிழும். சோறு யாருக்கும் கிடைக்காது.

இச்சபைகளில் பெரும்பான்மை வாக்கால் முடிவெடுப்பது மரபல்ல. எல்லோரும் உடன்படும் வரை பேச வேண்டும். 'முஷாவரா' செய்து 'முபாகத்' காண்பது என்று இதனைச் சொல்வர். இரண்டுமே அரபு மொழியிலிருந்து சென்ற சொற்கள்தான். இன்று இந்தோனேசிய மக்கள் ஆலோசனை மன்றத்தின் பெயரிலும் மஜ்லிஸ், முஷாவரா, ரஇய்யத் என்ற மூன்று அரபுச் சொற்களின் வடிவங்களும் இருப்பதைக் காணலாம். அல்குர்ஆனின் 42வது அத்தியாயம் 'ஷூரா' என்ற பெயரைத் தாங்கி நிற்பதையும், முஃமின்களின் காரியங்கள் கலந்தாலோசனையின் மூலம் நடப்பதாக அது வர்ணிப்பதையும் நாம் அறிவோம். அந்தப் போதனை அங்கு ஏற்கனவே இருந்த ஊர் வழக்கத்தோடு இலகுவாகக் கைகோத்துக் கொண்டது.

எல்லாமே இலகுவாகக் கைகோத்துக் கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1803ஆம் ஆண்டளவில் மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகள் சூதாட்டம், சேவல் சண்டை, அபின் போன்றவற்றை எதிர்த்துத் தொடங்கிய பத்ரி இயக்கம், மரபுத் தலைவர்களுடன் போராக வெடித்தது. 1821இல் மரபுத் தலைவர்களில் சிலர் ஒல்லாந்தரின் துணையை நாடினர். வந்த ஒல்லாந்தர் திரும்பிப் போகவில்லை. இரு தரப்பும் பின்னர் ஒன்றுபட்டுப் போராடியும் காலம் கடந்திருந்தது. 1837இல் போஞ்சோல் கோட்டை வீழ்ந்தது. இமாம் போஞ்சோல் நாடு கடத்தப்பட்டார். வழக்கம் மார்க்கத்தின் மீதும், மார்க்கம் இறைவேதத்தின் மீதும் நிலைபெற வேண்டும் என்பதே அக்கசப்பிலிருந்து அச்சமூகம் வகுத்துக் கொண்ட கோட்பாடு.

வாரிசுரிமைப் பிரச்சினையும் அவ்வாறே நீண்டகாலம் விவாதிக்கப்பட்டது. மஸ்ஜிதுல் ஹராமில் ஷாபிஈ மத்ஹபின் இமாமாக இருந்த அஹ்மத் கதீப், தாம் பிறந்த மினாங்கபாவ் மண்ணின் வாரிசு வழக்கம் ஷரீஆவுக்கு முரணானது என்று கடுமையாக எழுதினார். இறுதியில் 1952இல் புக்கிட்டிங்கியில் கூடிய உலமாக்களும் குலத் தலைவர்களும் கற்றறிந்தோரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். பல தலைமுறைகளாக வந்த குலச் சொத்து தாய்வழியில் தொடரும். ஒருவர் தாமே உழைத்துத் தேடிய சொத்து இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி பங்கிடப்படும். அடுப்பின் மூன்று கற்களும் ஒன்றாகப் பானையைத் தாங்கியதற்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

வீடில்லாத பையன்கள்

பெரிய வீட்டின் அறைகள் மகள்மாருக்கே உரியவை. அப்படியானால் மகன்மார் எங்கே உறங்குவர்? ஏழெட்டு வயதானதும் அவர்கள் 'சுராவ்' எனப்படும் சிறு தொழுகையிடத்துக்குச் சென்று விடுவர். பகலில் தாயிடம் உணவு. இரவில் சுராவில் குர்ஆன் ஓதல், தற்காப்புக் கலை, மூத்தோரின் கதை, விவாதம், உறக்கம். பேசவும், மறுத்துப் பேசவும், நயமாகப் பேசவும் அங்குதான் பழகினர்.

வாலிபனானதும் அவன் ஊரை விட்டுப் புறப்படுவான். 'மெராந்தாவ்' என்ற இந்தப் பயணம் அவர்களது பண்பாட்டின் மற்றொரு தூண். வீடும் வயலும் சகோதரிக்கு என்பதால், ஆண் தன் பெயரை வெளியுலகில்தான் தேட வேண்டும். வியாபாரம் செய்தோ, கல்வி கற்றோ, அனுபவம் பெற்றோ திரும்ப வேண்டும். மினாங்கபாவ் மக்கள் நடத்தும் 'பாடாங்' உணவுக் கடைகள் இந்தோனேசியா எங்கும் பரவியிருப்பதற்கும், ஹத்தாவும் ஷஹ்ரிரும் ஒல்லாந்து சென்று படித்ததற்கும் பின்னால் இருப்பது இந்த ஒரே வழக்கம்தான்.

இரு பண்பாடுகள், இரு தலைவர்கள்

பண்பாடு அரசியலை எவ்வாறு வார்க்கிறது என்பதை இந்தோனேசியாவின் முதலிரு தலைவர்களை ஒப்பிட்டால் காணலாம். ஜனாதிபதி சுகார்ணோ ஜாவாப் பண்பாட்டில் வளர்ந்தவர். ஜாவா மொழியில் பெரியவரிடம் பேசும் சொற்கள் வேறு, சிறியவரிடம் பேசும் சொற்கள் வேறு. வாய் திறப்பதற்கு முன்பே எதிரிலிருப்பவர் தம்மிலும் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்று தீர்மானித்தாக வேண்டும். ஜாவாவின் மரபுச் சிந்தனையில் அதிகாரம் என்பது பகிரப்படும் ஒன்றல்ல, ஒரு மையத்தில் திரண்டு நிற்கும் ஒன்றாகவே கருதப்பட்டது என்று பெனடிக்ட் அண்டர்சன் என்ற அறிஞர் 1972இல் எழுதினார்.

ஹத்தா வளர்ந்ததோ நகரிச் சபைகளின் நடுவே. ஊர்க் கூட்டங்களின் கலந்தாலோசனையும் கூட்டுறவுமே நாட்டின் ஜனநாயகத்துக்கு அடித்தளமாக வேண்டும் என்று அவர் வாதிட்டு வந்தார். இருவருக்குமிடையே இடைவெளி வளர்ந்தது. 1956 டிசம்பர் 1ஆம் திகதி ஹத்தா துணை ஜனாதிபதிப் பதவியைத் துறந்தார். 1959இல் சுகார்ணோ 'வழிநடத்தப்படும் ஜனநாயகம்' என்ற பெயரில் அதிகாரத்தைத் தம் கையில் குவித்துக் கொண்டார். மறு ஆண்டு அதனைக் கண்டித்து 'நமது ஜனநாயகம்' என்ற கட்டுரையை ஹத்தா எழுதினார். அதனைத் துணிந்து வெளியிட்டது ஹம்கா நடத்திய இஸ்லாமிய சஞ்சிகை. அதற்காக அச்சஞ்சிகை தடை செய்யப்பட்டது.

இதைக் கொண்டு ஜாவா மக்கள் அனைவரும் பணிந்து போகிறவர்கள், மினாங்கபாவ் மக்கள் அனைவரும் ஜனநாயகவாதிகள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது பெரும் அநீதியாகும். பண்பாடு விதியல்ல, அது ஒரு பழக்கம். பழக்கத்தை மனிதர் மீறவும் முடியும், மாற்றவும் முடியும்.

பெண்கள் எழுப்பிய குரல்

வீட்டிலே உரிமையோடு வளர்ந்த பெண்கள் வெளியிலும் குரல் எழுப்பியதில் வியப்பில்லை. 1884இல் கோத்தோ கடாங் என்ற ஊரில் பிறந்த ரோஹானா குத்தூஸ், 1911இல் பெண்களுக்கான கைத்தொழிற் பள்ளியொன்றை நிறுவினார். 1912இல் பெண்களுக்கென்றே 'சுந்திங் மெலாயு' என்ற பத்திரிகையின் ஆசிரியரானார். பிற்காலத்தில் பிரதமரான ஷஹ்ரிர் இவரது தந்தைவழிச் சகோதரர்.

ரஹ்மா அல்-யூனுஸிய்யா 1923 நவம்பர் 1ஆம் திகதி பாடாங் பாஞ்சாங் நகரில் பெண்களுக்கான தீனிய்யா பாடசாலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 23. ஆரம்ப மாணவியரில் பெரும்பாலோர் இளம் தாய்மார். 1926இன் பூகம்பம் கட்டடத்தைத் தரைமட்டமாக்கியது. ஒல்லாந்து அரசு கொடுக்க முன்வந்த மானியத்தை ஏற்க மறுத்து, ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டி அவர் அதனை மீண்டும் எழுப்பினார். 1955இல் அங்கு வந்து பார்வையிட்ட அல்-அஸ்ஹரின் தலைவர் பெரிதும் கவரப்பட்டார். அதன் பின்னரே அல்-அஸ்ஹரில் பெண்களுக்கென ஒரு கல்லூரி தோன்றியது. 1955 தேர்தலில் ரஹ்மா பாராளுமன்றத்துக்கும் தெரிவானார். 2025 நவம்பரில் இந்தோனேசியா அவரைத் தேசிய வீராங்கனையாகப் பிரகடனம் செய்தது.

அதே பாடசாலையில் கற்பித்த ரஸூனா ஸைத், மாணவியருக்கு அரசியலும் கற்பிக்க வேண்டும் என்றார். முதலில் மார்க்கக் கல்வி உறுதியாகட்டும் என்றார் ரஹ்மா. இருவரும் உடன்படவில்லை, ரஸூனா விலகிச் சென்றார். 1932இல் குடியேற்ற ஆட்சியைக் கண்டித்துப் பேசியதற்காக ஒல்லாந்தர் அவரைச் சிறையில் அடைத்தனர். அப்போது அவருக்கு வயது 22 மட்டுமே. இன்று ஜகார்த்தாவின் பிரதான வீதியொன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. கருத்து வேறுபாட்டோடு வாழத் தெரிந்த ஒரு சமூகத்தில் ரஹ்மாவுக்கும் இடமிருந்தது, ரஸூனாவுக்கும் இடமிருந்தது.

கடல் கடந்து சென்ற வழக்கம்

மெராந்தாவ் சென்றோர் இந்த வழக்கத்தையும் சுமந்து சென்றனர். மலாயாவில் அவர்கள் குடியேறிய நெகிரி செம்பிலானுக்கு, 1773இல் மினாங்கபாவிலிருந்து ராஜா மெலேவார் அரசராக வரவழைக்கப்பட்டார். அங்கு இன்றும் அரசரின் மகன் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் அரசராகிவிட முடியாது. 'உண்டாங்' எனப்படும் நான்கு தலைவர்கள் கூடி அரச பரம்பரையிலிருந்து ஒருவரைத் தெரிவு செய்கின்றனர். 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது ஒன்பது மாநில மன்னர்களும் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுகளுக்குப் பேரரசராகத் தெரிவு செய்யும் முறை வந்தது. இம்முறையில் நெகிரி செம்பிலானின் சாயல் இருப்பதாகப் பலர் எடுத்துக்காட்டுவர். அவ்வாறு தெரிவான முதற் பேரரசரும் அம்மாநில மன்னரே.

சட்டம் உடைத்த ஊர்

பண்பாடு அரசியலை உருவாக்குவது போல, அரசியல் பண்பாட்டை உடைக்கவும் முடியும். ஜனாதிபதி சுகார்த்தோவின் ஆட்சியில் 1979ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், நாடு முழுவதற்கும் ஜாவாக் கிராமத்தைப் போன்ற ஒரே அமைப்பைத் திணித்தது. மேற்குச் சுமாத்திராவில் 1983இல் அது நடைமுறைக்கு வந்தபோது, 500க்கு மேற்பட்ட நகரிகள் 3000க்கு மேற்பட்ட சிறு கிராமங்களாகத் துண்டாடப்பட்டன. கிராமத்துக்கு இவ்வளவு என்று மத்திய அரசு பணம் கொடுத்ததால், துண்டுகள் கூடினால் பணமும் கூடும் என்று மாகாண நிர்வாகம் கணக்குப் பார்த்தது. பணம் வந்தது; ஆனால் ஊர் சிதறியது. சபை கூடிப் பேசிய இடத்தில், மேலிருந்து வரும் கட்டளைக்குக் காத்திருக்கும் கிராம அதிகாரி வந்தமர்ந்தார்.

1998இல் சுகார்த்தோ பதவி விலகினார். 2000ஆம் ஆண்டில் மாகாண சபை நகரி முறையை மீண்டும் சட்டமாக்கியது. மக்கள் 'நகரிக்குத் திரும்புவோம்' என்று மகிழ்ந்தனர். ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சபையில் அமராத ஒரு தலைமுறை அதற்குள் வளர்ந்து விட்டது. சட்டத்தை ஒரே நாளில் திரும்பக் கொண்டு வரலாம். பழக்கத்தை அவ்வாறு கொண்டு வர முடியாது.

வீட்டுரிமையும் சபையுரிமையும்

இவ்வழக்கத்தின் குறைகளையும் மறைக்கக் கூடாது. தாய் வேற்றினத்தவர் என்பதால் எந்தக் குலத்திலும் சேராமல் ஒதுக்கப்படும் ஓர் இளைஞனின் துயரத்தையே ஹம்கா 1930களின் இறுதியில் எழுதிய நாவல் பேசுகிறது. எல்லோரையும் அரவணைப்பதாகச் சொல்லும் சபைக்கு வெளியேயும் சிலர் நின்றிருந்தனர்.

பெண்களின் நிலையும் சிந்தனைக்குரியது. சொத்துக்கு உரியவள் பெண். குலத்தின் பெயர் அவளுடையது. 'புந்தோ கண்டுவாங்' என்று தாயைப் போற்றுவர். ஆனால் சபையில் குலத்தின் பேரால் அமர்பவர் ஆண். இந்தோனேசியாவின் 2003ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் வேட்பாளர் பட்டியலில் 30 வீதம் பெண்களுக்கு இடமளிக்கக் கோரிய பின்னரும், மேற்குச் சுமாத்திராவின் மாகாண சபைக்குத் தெரிவான பெண்கள் மிகச் சிலரே. வீட்டில் கிடைத்த மரியாதை தானாகவே சபைக்கு நடந்து போய்விடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதை வாசிக்கும் நம் கிழக்கு மாகாணச் சகோதரியருக்குத் தங்கள் ஊரின் நினைவு வந்திருக்கும். காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் குடி தாய்வழியில் வருகிறது. வீடு மகளுக்குக் கொடுக்கப்படுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். குடிகளின் சார்பில் மரைக்காயர்மார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்ந்து ஊர்க் காரியம் பேசும் மரபும் அங்குண்டு. ஆனால் நமது நாட்டின் உள்ளூராட்சி சபைகளில் நெடுங்காலமாகப் பெண்கள் ஏறத்தாழ 2 வீதமாகவே இருந்தனர். 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 25 வீதத்தை ஒதுக்கி, 2018 பெப்ரவரித் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்த பின்னரே பெண்கள் கணிசமான எண்ணிக்கையில் அச்சபைகளுக்குள் நுழைந்தனர். ஆசனத்தைச் சட்டம் தந்துவிடலாம். அந்த ஆசனத்தில் அமர்ந்து வரவு செலவுக் கணக்கைக் கேட்கும் துணிவை எந்தச் சட்டமும் தராது. அது சிறு வயதிலேயே வீட்டில் ஊட்டப்பட வேண்டியது.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் ஹுதைபிய்யாவில், உடன்படிக்கையால் மனம் வருந்திய தோழர்கள் நபியவர்கள் (ஸல்) சொல்லியும் எழாமல் இருந்த வேளையில், வழி சொன்னவர் உம்மு ஸலமா (ரழி) அவர்கள். தாங்கள் முதலில் எழுந்து சென்று, எவரிடமும் பேசாமல், தங்கள் குர்பானியை நிறைவேற்றுங்கள் என்றார். நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள். தோழர்களும் எழுந்து பின்பற்றினர். ஒரு கூடாரத்தினுள் மனைவி சொன்ன ஆலோசனை, ஒரு சமூகத்தின் இக்கட்டான அரசியல் கணத்தைத் தீர்த்து வைத்தது.

எனவே சகோதரிகளே, நல்ல தலைவர்கள் இல்லையே என்று நாம் அங்கலாய்க்கும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக் கொள்வோம். நமது வீட்டில் மகளின் திருமணம், மகனின் படிப்பு, காணி விற்பது, கடன் எடுப்பது போன்ற காரியங்கள் எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றன? பிள்ளைகள் காரணம் கேட்டால் விளக்கம் கிடைக்கிறதா, அதட்டல் கிடைக்கிறதா? மகன் பேசும்போது காத்திருக்கும் நாம், மகள் பேசும்போதும் காத்திருக்கிறோமா? இராச் சாப்பாட்டுக்குப் பின்னர் பத்து நிமிடம் அனைவரும் கூடியிருந்து ஒரு விடயத்தைப் பேசி முடிவெடுக்கும் வீட்டில், நாளைய பிரதேச சபை உறுப்பினரும், பள்ளிவாசல் தர்மகர்த்தாவும், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரும் இப்போதே பயிற்சி பெற்றுக் கொண்டிருக்கிறார்கள். வாக்குப் பெட்டிக்கு நாம் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை போகிறோம். வீட்டுக் கூடமோ ஒவ்வொரு நாளும் திறந்திருக்கிறது.